இரண்டு மாதமாகத் தெளிக்கிறேன், வெள்ளை ஈ குறையவே இல்லை. எங்கே தவறுகிறேன்?

செம்பருத்திச்செடி:
எல்லோருக்கும் வணக்கம். மாடியில் 30 தொட்டிகள் வைத்திருக்கிறேன். தக்காளி, மிளகாய், வெண்டை, கத்தரி, அப்புறம் ஒரு பெரிய செம்பருத்தி. இரண்டு மாதமாக வெள்ளை ஈ. செடியை லேசாகத் தொட்டால் போதும், மாவைத் தூவிவிட்டது போல ஒரு கூட்டம் எழும்புகிறது. இரண்டு நொடியில் அதே செடியிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது.

வேப்பெண்ணெய் அடித்தேன். பாத்திரம் கழுவும் திரவம் கலந்து அடித்தேன், அதில் வெண்டை இலைகளின் ஓரம் கருகிவிட்டது. பூண்டு, மிளகாய் அரைத்து வடிகட்டியும் அடித்துப் பார்த்தேன். அடித்த அன்று குறைந்தது போலத் தெரியும். பத்து நாளில் பழையபடி. தக்காளியின் நுனி இலைகள் இப்போது கிண்ணம் போல மேல்நோக்கிச் சுருண்டு, வெளிறிப்போய், வளராமல் நிற்கின்றன. விதையிலிருந்து நானே வளர்த்த செடிகள். பார்க்கப் பார்க்க மனசு கஷ்டமாக இருக்கிறது. எங்கே தவறு செய்கிறேன் என்று யாராவது சொல்லுங்கள்.

தொட்டிச்செடி:
எனக்கும் இதே நிலைதான் அக்கா. பதில்களுக்குக் காத்திருக்கிறேன்.

கொடிப்பந்தல்:
மஞ்சள் ஒட்டும் அட்டை வாங்கிக் கட்டுங்கள். இரண்டே நாளில் அட்டை முழுக்க ஒட்டிக்கொள்ளும். எனக்கு அதுதான் கைகொடுத்தது.

பூதக்கண்ணாடி:
அட்டை கட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை. எத்தனை நாள் இடைவெளியில் தெளித்தீர்கள்? இலையின் மேலே அடித்தீர்களா, அடியிலா? இலைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று திருப்பிப் பார்த்தீர்களா? இந்த மூன்றையும் சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

செம்பருத்திச்செடி:
ஈக்கள் அதிகமாகத் தெரியும்போதெல்லாம் அடிப்பேன். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் பத்து, பதினைந்து நாள் இருக்கும். மேலிருந்துதான் அடிப்பேன், இலை நன்றாக நனையும் வரை. அடியில் பார்த்தேன். வெள்ளை ஈக்கள் உட்கார்ந்திருந்தன. வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

பூதக்கண்ணாடி:
அங்கேதான் விஷயம் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், பெயரில்தான் ஈ. இது ஈ இனமே அல்ல. அசுவினி, மாவுப்பூச்சி, செதில் பூச்சி இவற்றின் உறவு. ஊசி போன்ற வாயை இலைக்குள் செருகிச் சாற்றை உறிஞ்சும். 1,500-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. வீட்டுத் தோட்டத்தில் தொல்லை தருபவை அதில் நாலைந்துதான்.

பறந்து எழும்பும் அந்த 1, 2 மில்லிமீட்டர் பூச்சி, கூட்டத்தில் ஒரு சிறு பங்கு. மீதிப் பேர் இலைக்கு அடியில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் சிறு லென்ஸ் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். செடியின் நுனியில் இருக்கும் இளம் இலையைத் திருப்பினால் முட்டைகள் தெரியும். நிறுத்தி வைத்த அரிசி மாதிரி, ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காம்பால் இலையில் நடப்பட்டிருக்கும். அதற்குக் கீழே உள்ள இலைகளில் குஞ்சுகள். முட்டையிலிருந்து வரும் குஞ்சு சில மணி நேரம் மட்டும் நகர்ந்து இடம் தேடும். வாயைச் செருகிவிட்டால் அப்புறம் இடம்விட்டு நகராது. கால்கள் இருப்பதே தெரியாது. ஒளி ஊடுருவும் மெல்லிய செதில் போலத் தட்டையாகக் கிடக்கும், அதனால்தான் உங்கள் கண்ணில் படவில்லை. இன்னும் கீழே, முதிர்ந்த இலைகளில், கூட்டுப்புழு போன்ற கடைசிப் பருவம். அதில் இரண்டு சிவப்புக் கண்கள் புள்ளியாகத் தெரிந்தால் ஓரிரு நாளில் பூச்சி வெளியே வரப்போகிறது என்று பொருள்.

ஆக, நுனியிலிருந்து கீழே வரை ஒரு செடியைத் திருப்பிப் பார்த்தாலே இந்தப் பூச்சியின் முழு வாழ்க்கையும் வரிசையாகத் தெரிந்துவிடும். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து பூச்சியாவதற்கு ஏறக்குறைய மூன்று வாரம். குளிர்ந்தால் இன்னும் நீளும். ஒரு பெண் பூச்சி தன் ஆயுளில் நூறுக்கு மேல் முட்டையிடும். நீங்கள் மேலிருந்து அடித்தபோது பறப்பவற்றில் சில செத்தன. அடியில் இருந்தவை ஈரமே படாமல் தப்பித்தன. பத்து நாளில் திரும்ப வந்தது வெளியிலிருந்து வந்த கூட்டம் இல்லை, உங்கள் இலையிலேயே இருந்த கூட்டம்.

தொட்டிச்செடி:
இப்போதுதான் போய்ப் பார்த்தேன் சார். கத்தரி இலையின் அடியில் செதில் செதிலாக நூற்றுக்கணக்கில் இருக்கிறது. இத்தனை நாள் இலையின் இயல்பே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்!

இலைமறைகாய்:
ஒரு சந்தேகம். என் கொய்யாவில் இலைக்கு அடியில் வெள்ளைக் கோலம் போட்டது மாதிரி சுருள் சுருளாக மெழுகு இருக்கிறது. கூடவே பஞ்சு. இதுவும் வெள்ளை ஈயா, மாவுப்பூச்சியா?

பூதக்கண்ணாடி:
சுருள் இருந்தால் அது சுருள் வெள்ளை ஈ. பெண் பூச்சி சுற்றிச் சுற்றி நடந்து மெழுகை இழைத்து அதில் முட்டையிடும். கொய்யா, செம்பருத்தி, வாழை, மரவள்ளி எல்லாம் அதற்குப் பிடித்த இடம். மாவுப்பூச்சி தண்டின் கணுவிலும் இலைக்காம்பிடுக்கிலும் கொத்துக் கொத்தாக அப்பியிருக்கும், தட்டினால் பறக்காது. ஒரு குச்சியால் தள்ளிப் பார்த்தால் மெதுவாக ஊர்வது தெரியும்.

காய்கறிச் செடிகளில் வருவது பெரும்பாலும் இரண்டு வகை. புகையிலை வெள்ளை ஈ ஒன்று. 1889-ல் கிரீஸ் நாட்டில் புகையிலைச் செடியில் பார்த்து விவரித்ததால் அந்தப் பெயர். பருத்தி வெள்ளை ஈ என்றும் சொல்வார்கள். உட்காரும்போது இறக்கைகளை ஓட்டு வீட்டுக் கூரை போலச் சாய்த்து வைத்திருக்கும், நடுவில் மெல்லிய இடைவெளி விட்டு மஞ்சள் உடம்பு தெரியும். இன்னொன்று பசுமைக்குடில் வெள்ளை ஈ. அது கொஞ்சம் பெரிது, இறக்கைகளை ஏறக்குறைய தட்டையாக விரித்து மூடியிருக்கும். அதன் கூட்டுப்புழுவைப் பக்கவாட்டில் பார்த்தால் சிறு டப்பா போல நிமிர்ந்த சுவரும் ஓரத்தில் மெழுகு முடிகளும் தெரியும். வெப்பமான இடங்களில் முதல் வகைதான் அதிகம்.

செம்பருத்திச்செடி:
லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டேன். கூரை மாதிரி, நடுவில் மஞ்சள். அப்படியானால் புகையிலை வெள்ளை ஈதான்.

இலைக்கு மேலே பிசுபிசுப்பும் இருக்கிறது. செம்பருத்தியின் கீழ் இலைகளில் கரி பூசியது போலக் கருப்பு. எறும்பு வரிசை வேறு. இது தனி நோயா?

பந்தல்காரர்:
தனி நோய் இல்லை அம்மா, அதே பூச்சியின் வேலைதான். உறிஞ்சிய சாற்றில் தனக்கு வேண்டாத சர்க்கரையைத் துளித்துளியாக வெளியே விடும். அது கீழே உள்ள இலைகளின் மேல் விழும். அந்த இனிப்பில் கரும்பூஞ்சாணம் வளரும். அது இலையைத் தின்னாது, ஆனால் வெளிச்சத்தை மறைத்துவிடும். ஒரு வெள்ளைக் காகிதத்தைச் செடிக்கு அடியில் அரை நாள் வைத்துப் பாருங்கள், வெளிச்சத்தில் பளபளவென்று புள்ளிகள் தெரியும். ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்தால் கருப்பு வந்துவிடும்.

எறும்பைச் சும்மா விடாதீர்கள். இனிப்புக்காக வருகிற எறும்பு, வெள்ளை ஈயைத் தின்ன வரும் பொறிவண்டையும் குட்டிக் குளவியையும் விரட்டிவிடும். தொட்டி நிற்கும் தாங்கியின் கால்களைத் தண்ணீர்த் தட்டில் வைத்தாலே எறும்பு ஏறாது. தட்டில் கொசு முட்டையிடாமல் அடிக்கடி தண்ணீரை மாற்றவேண்டும், அவ்வளவுதான்.

வேர்விட்டவன்:
இவ்வளவு எதற்கு? வேரில் ஊற்றும் மருந்து கிடைக்கிறது. ஒரு தடவை ஊற்றினால் செடி முழுக்கப் பரவி, உறிஞ்சுகிற பூச்சியெல்லாம் செத்துவிடும். நான் போன வருடம் செய்தேன், 15 நாளில் சுத்தம்.

பூதக்கண்ணாடி:
உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை. ஆனால் இங்கே அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. செடி முழுக்கப் பரவும் மருந்து பூவின் தேனிலும் மகரந்தத்திலும்கூடப் போகும். செம்பருத்திக்கும் வெண்டைக்கும் தேனீ வரும். அடுத்தது, இது காய் பறித்துச் சாப்பிடும் செடி. அந்தப் பயிருக்கு என்று அனுமதி இல்லாத மருந்தை, எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று தெரியாமல் ஊற்றக்கூடாது. மூன்றாவது, இந்தப் பூச்சி மருந்துக்குப் பழகிக்கொள்வதில் கெட்டிக்காரப் பூச்சி. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் தப்பிப் பிழைத்தவற்றின் குஞ்சுகள்தான் மிஞ்சும்.

இதைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். தாவரங்கள் தம்மைக் காத்துக்கொள்ள ஒருவகை நச்சைச் சேர்த்து வைக்கும். அந்த நச்சை முறிக்கும் மரபணு ஒன்று புகையிலை வெள்ளை ஈயிடம் இருக்கிறது. அது எப்போதோ ஒரு தாவரத்திடமிருந்தே இந்தப் பூச்சிக்கு வந்து சேர்ந்த மரபணு என்று 2021-ல் சீன ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். படித்தபோது கொஞ்ச நேரம் வியந்துபோய் உட்கார்ந்திருந்தேன். எதிரியின் பூட்டுக்கு எதிரி வீட்டுச் சாவியையே எடுத்து வைத்திருக்கிறது.

வேர்விட்டவன்:
தேனீ விஷயம் நான் யோசிக்காதது. என் செடிகளில் அதற்கப்புறம் சிலந்திப்பேன் வந்தது உண்மை. இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று இப்போதுதான் தோன்றுகிறது.

கொடிப்பந்தல்:
மஞ்சள் அட்டை பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?

பந்தல்காரர்:
அட்டை நல்லதுதான். பூச்சி வந்துவிட்டதா, ஏறுகிறதா, இறங்குகிறதா என்று சொல்லும். ஆனால் பறப்பதை மட்டும் பிடிக்கும், செதிலை ஒன்றும் செய்யாது. செடியின் நுனி உயரத்தில் கட்டி, செடி வளர வளர மேலே ஏற்றுங்கள். வாரம் ஒரு முறை எண்ணிக்கை குறித்துவையுங்கள். நன்மை செய்யும் பூச்சிகளும் அதில் ஒட்டும் என்பதால் பத்துத் தொட்டிக்கு ஒன்று, இரண்டு போதும். தோட்டம் முழுக்கத் தோரணம் கட்டவேண்டாம்.

செம்பருத்திச்செடி:
சரி, இப்போது எதில் ஆரம்பிப்பது? தக்காளியைக் காப்பாற்ற முடியுமா?

பூதக்கண்ணாடி:
தக்காளியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், வருத்தமாகத்தான் இருக்கும். நீங்கள் சொன்ன அறிகுறி இலைச்சுருள் நோய். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். நோயுள்ள செடியில் கால் மணி நேரம் உறிஞ்சினாலே பூச்சி அதை வாங்கிக்கொள்ளும், சில மணி நேரம் கழித்து அடுத்த செடிக்குக் கொடுக்க ஆரம்பிக்கும், அப்புறம் வாரக்கணக்கில் கொடுத்துக்கொண்டே இருக்கும். வைரஸ் வந்த செடிக்கு மருந்து கிடையாது. அது நிற்கும் ஒவ்வொரு நாளும் பக்கத்துச் செடிகளுக்கு ஆபத்து. வெண்டையில் நரம்பு மட்டும் மஞ்சளாகி வலை போலத் தெரிந்தால் அதுவும் இதே மாதிரிதான், மஞ்சள் நரம்புத் தேமல்.

எடுக்கும் விதம் முக்கியம். விடிகாலையில், பூச்சிகள் குளிரில் மந்தமாக இருக்கும்போது, ஒரு பெரிய பையை மேலிருந்து செடியின் மேல் கவிழ்த்து, அடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேரோடு பிடுங்குங்கள். பையின் வாயைக் கட்டி இரண்டு மூன்று நாள் வெயிலில் போடுங்கள். பை போடாமல் பிடுங்கினால் அதிலிருந்த அத்தனையும் பக்கத்து மிளகாய்க்குப் போய்விடும்.

இலைமறைகாய்:
மிளகாயில் இலை சுருண்டால் உடனே வைரஸ் என்று பிடுங்கிவிடக் கூடாது இல்லையா? நான் அப்படி ஒரு நல்ல செடியை இழந்திருக்கிறேன்.

பூதக்கண்ணாடி:
மிக நல்ல கேள்வி. மிளகாயில் இலை ஓரம் மேல்நோக்கிப் படகு போல மடிந்தால் இலைப்பேனைத் தேடுங்கள். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, இலைக்காம்பு நீண்டிருந்தால் சிலந்திப்பேனாக இருக்கலாம். இவை இரண்டிலும் பூச்சியை அடக்கினால் புதுத் துளிர் நன்றாக வரும். இலை சிறுத்து, சுருங்கி, நரம்புகளுக்கு இடையே மஞ்சளாகி, கணுக்கள் நெருங்கிச் செடி குட்டையாக நின்றால்தான் வைரஸைச் சந்தேகிக்கவேண்டும். லென்ஸ் இல்லாமல் முடிவெடுக்காதீர்கள்.

பந்தல்காரர்:
மற்றச் செடிகளுக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். தரையோடு இருக்கும் முதிர்ந்த இலைகளில்தான் வெளிவரக் காத்திருக்கும் கூட்டம் இருக்கும். அவற்றில் செதில் நெருக்கமாக உள்ளதைக் கிள்ளிப் பையில் போடுங்கள், அரை மணி நேர வேலை. ஆனால் செடியை மொட்டையாக்கிவிடாதீர்கள். பிறகு குழாய்த் தண்ணீரை இலையின் அடியில் படும்படி கீழிருந்து மேலாக வேகமாகப் பீய்ச்சுங்கள். ஒரு கையால் இலையைத் தாங்கிக்கொண்டால் கிழியாது. இதைக் காலையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தாலே பாதி குறைந்துவிடும்.

அதற்கப்புறம்தான் தெளிப்பு. பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், உங்கள் வெண்டை கருகியதற்கு அதுதான் காரணமாக இருக்கும். செடிக்கென்று கிடைக்கும் பொட்டாசியம் சோப்பு, 1 லிட்டர் தண்ணீருக்கு 10 முதல் 20 மில்லி. தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு திரிந்துபோய் வேலை செய்யாது, மழைத்தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுங்கள். வேப்பெண்ணெய் என்றால் லிட்டருக்கு 5 மில்லி. முதலில் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பைக் கலந்து, அதில் எண்ணெயை ஊற்றிக் குலுக்கிப் பால் போல ஆனபிறகு மீதித் தண்ணீர். எண்ணெய் மேலே மிதந்தால் சரியாகக் கலக்கவில்லை என்று அர்த்தம், அப்படியே அடித்தால் ஒரு இலை கருகும், ஒரு இலைக்கு ஒன்றுமே போய்ச் சேராது. கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள்.

இரண்டு இலையில் மட்டும் அடித்து ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு முழுச் செடிக்குப் போங்கள். வெயில் சாய்ந்தபிறகு அடிக்கவேண்டும். கந்தகத் தூள் போட்டிருந்தால் இரண்டு வாரம் எண்ணெய் பக்கமே போகாதீர்கள்.

பூதக்கண்ணாடி:
இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். சோப்பு ஈரமாக மேலே பட்டால்தான் கொல்லும், காய்ந்தபின் அதற்கு வேலை இல்லை. முட்டையை ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. அதனால் இன்று தப்பிய முட்டை குஞ்சாகும், அது வளர்ந்து முட்டையிடுவதற்குள் நீங்கள் மறுபடி வரவேண்டும். 5 நாளுக்கு ஒரு முறை, நாலைந்து தடவை, ஈ தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். உங்கள் இரண்டு மாத உழைப்பு பலிக்காததற்கு மருந்து காரணமில்லை, இந்த நாள்கணக்கும் இலையின் அடிப்பக்கமும்தான் காரணம்.

உரம் என்ன போடுகிறீர்கள்?

செம்பருத்திச்செடி:
செடிகள் சோர்ந்திருக்கின்றனவே என்று வாரம் இரண்டு முறை தழைச்சத்துக் கரைசல் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பூதக்கண்ணாடி:
கொஞ்ச நாள் நிறுத்துங்கள். தழைச்சத்து மிகுந்தால் இலை மெத்தென்று சாறு நிறைந்து வரும், உறிஞ்சும் பூச்சிக்கு அது விருந்து.

கொடிப்பந்தல்:
சாமந்தி வைத்தால் வராது என்கிறார்களே?

இலைமறைகாய்:
துலுக்கச் சாமந்தியின் வாசனைக்கு வெள்ளை ஈ கொஞ்சம் ஒதுங்கும், அது உண்மை. ஆனால் தக்காளி நடும்போதே பக்கத்தில் வைக்கவேண்டும். கூட்டம் குடியேறியபிறகு வைத்தால் பெரிய பலனில்லை.

செம்பருத்திச்செடி:
12-ஆம் நாள். மூன்று தக்காளியையும் பை போட்டு எடுத்துவிட்டேன். அழுகைதான் வந்தது, ஆனாலும் எடுத்துவிட்டேன். கீழ் இலைகளைக் கிள்ளினேன், தண்ணீர் பீய்ச்சினேன், சோப்பு இரண்டு முறை ஆயிற்று. முதல் வாரம் மஞ்சள் அட்டையில் 140 வரை எண்ணினேன், இந்த வாரம் 60-க்குள்.

இன்று செம்பருத்தியில் ஒன்று பார்த்தேன். கீழ் இலை ஒன்றின் அடியில் செதில்களுக்கு நடுவில் பத்துப் பன்னிரண்டு மட்டும் கன்னங்கரேல் என்று இருக்கின்றன. பூஞ்சாணம் உள்ளேயும் வந்துவிட்டதா?

பூதக்கண்ணாடி:
அந்த இலையைக் கிள்ளாதீர்கள்! அதன் மேல் சோப்பும் அடிக்காதீர்கள். பூஞ்சாணம் விரலால் தேய்த்தால் அழியும். இது செதிலே கருத்திருக்கிறது. உள்ளே ஒரு குளவிக் குஞ்சு வளர்கிறது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஒட்டுண்ணிக் குளவி, நம்மைக் கொட்டாது. வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டுப் போய்விடும். இனத்தைப் பொறுத்துச் செதில் கருப்பாகவோ பழுப்பாகவோ மாறும்.

1926-ல் இங்கிலாந்தில் ஒரு தக்காளி விவசாயி இதைத்தான் பார்த்தார். வெள்ளைச் செதில்களுக்கு நடுவே சில கருப்பாக இருக்கின்றனவே என்று ஆய்வாளர்களிடம் காட்டினார். அந்தக் குளவியை வளர்த்துப் பசுமைக்குடில்களுக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ரசாயன மருந்துகள் வந்ததும் அதை மறந்தார்கள், மருந்துக்குப் பூச்சி பழகிவிட்டபின் மறுபடி குளவியைத் தேடிப்போனார்கள். உங்கள் மாடிக்கு அந்தக் குளவியின் உறவுக்காரர் யாரோ கூப்பிடாமலே வந்திருக்கிறார்.

லென்ஸில் காலி ஓடுகளையும் பாருங்கள். வெள்ளை ஈ வெளியே வந்த ஓட்டில் ஆங்கில T எழுத்துப் போலக் கீறல் இருக்கும். குளவி வந்த ஓட்டில் ஊசியால் குத்தியது போல வட்டமான ஓட்டை இருக்கும்.

வேர்விட்டவன்:
நான் ஊற்றிய மருந்தில் இவையும் போயிருக்கும். என் செம்பருத்தியில் நாளைக் காலை பார்க்கிறேன்.

பந்தல்காரர்:
அம்மா, செம்பருத்திக்கு இனித் தண்ணீர் பீய்ச்சுவது மட்டும் போதும், அதுவும் கருப்புச் செதில் இல்லாத கிளைகளில். சோப்பை மிளகாய், கத்தரி, வெண்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புதுச் செடி எது வாங்கினாலும் இரண்டு வாரம் தனியாக வைத்து, அடியைத் திருப்பிப் பார்த்தபிறகு மற்றவற்றோடு சேருங்கள். அடுத்த முறை தக்காளி நாற்றை முதல் ஒரு மாதம் நெருக்கமான கண்ணுள்ள பூச்சி வலைக்குள் வளருங்கள். இளஞ்செடியில் வைரஸ் வந்தால்தான் இழப்பு அதிகம். பூத்தபிறகு வலையை எடுத்துவிடலாம்.

செம்பருத்திச்செடி:
26-ஆம் நாள். ஐந்து தடவை சோப்பு முடிந்தது. மிளகாயில் புதுத் துளிர் நேராக வருகிறது, இரண்டில் பூவும் விட்டிருக்கிறது. அட்டையில் இந்த வாரம் 11. வெண்டையில் ஒன்றுக்கு நரம்பு மஞ்சளாகத் தெரிந்தது, அன்று காலையே பை போட்டு எடுத்துவிட்டேன்.

செம்பருத்தியின் ஒரே இலையை அரை மணி நேரம் லென்ஸில் பார்த்து எண்ணினேன். காலி ஓடுகள் 41. அதில் வட்ட ஓட்டை 29, கீறல் 12. எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஒரு கருப்புச் செதிலின் மேல் சின்ன ஓட்டை விழுந்தது. உள்ளேயிருந்து யாரோ கடிக்கிறார்கள்! கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டை பெரிதாகி, முதலில் தலை வந்தது, அப்புறம் இரண்டு உணர்கொம்புகள். வெளியே வந்து இறக்கையைத் துடைத்துக்கொண்டு இலை நரம்போரமாக நடந்து போயிற்று. முற்றுப்புள்ளி அளவுகூட இல்லை.

தொட்டிச்செடி:
அக்கா, என் கத்தரியில் கருப்புச் செதில் ஒன்றுகூட இல்லை. உங்கள் செம்பருத்தி இலை ஒன்று கிடைத்தால் உபயோகப்படுமா?

பூதக்கண்ணாடி:
அவர் இலையில் உயிருள்ள வெள்ளை ஈக் குஞ்சும் இருக்கும், அதையும் சேர்த்து வாங்கிக்கொள்வீர்கள். சோப்பை நிறுத்தி, எறும்பை அடக்கி, சீரகச் செடி, கொத்தமல்லி மாதிரி சிறு பூ விடும் செடி ஒன்றைப் பூக்க விடுங்கள். கத்தரியின் கீழ் இலைகளை மூன்று நாளுக்கு ஒரு முறை திருப்பிப் பாருங்கள். முதல் கருப்புச் செதில் தெரிந்ததும் இங்கே வந்து எழுதுங்கள்.